பிரிக்பீல்ட்ஸில் ஒரு சனிக்கிழமை வகுப்பு: ஆங்கில உணர்ச்சிச் சொற்களுக்கு ஆறு வாரம்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், துன் சம்பந்தன் சாலையிலிருந்து பிரியும் கிளைத்தெரு ஒன்றில், துணிக்கடைக்கு மேலே இரண்டாம் மாடியில், சனிக்கிழமைதோறும் காலை 10 மணிக்கு ஒரு வகுப்பு நடக்கிறது. அங்கே கற்பிக்கப்படுவது இலக்கணமும் அன்று, வேலை நேர்காணலுக்கான பேச்சுப் பயிற்சியும் அன்று. மனத்தில் எழும் உணர்ச்சிகளுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் சொற்கள் ஒன்றிலிருந்து ஒன்று எப்படி வேறுபடுகின்றன என்பது மட்டுமே பாடம். வாரத்துக்கு இரண்டு மணி நேரமாக ஆறு வாரம். கட்டணம் 240 வெள்ளி. சென்ற தவணையில் ஒரு வாரமும் தவறாமல் போய் வந்தேன். பெயர்ப் பலகைகூட இல்லாத வகுப்பு என்பதால், சேரலாமா வேண்டாமா என்று கேட்பவர்களுக்கு உதவும்படி என் அனுபவத்தை விரிவாகவே எழுதுகிறேன்.

நான் அங்கே போகக் காரணம் என் அம்மா. அம்மாவுக்கு வயது 74. சிலாங்கூரில் ஒரு ரப்பர் தோட்டத்தில் முப்பது ஆண்டுக்காலம் பால் வெட்டியவர். சென்ற ஆண்டு இரவில் தூக்கம் கெட்டு, நெஞ்சு படபடக்க எழுந்து உட்காரத் தொடங்கினார். இதயத்தில் கோளாறு இல்லை என்று உறுதியான பிறகு, மருத்துவர் 21 கேள்விகள் கொண்ட ஒரு தாளைக் கொடுத்து நிரப்பித் தரச் சொன்னார். மனச்சோர்வு, பதற்றம், மன அழுத்தம் ஆகிய மூன்றையும் தலா ஏழு கேள்விகளால் அளக்கும் அந்தத் தாளுக்கு 'டாஸ்' (DASS) என்று பெயர். அது ஆஸ்திரேலியாவில் உருவாகி 1995இல் வெளிவந்தது. இன்று பல நாடுகளில் வழங்குகிறது. கடந்த ஒரு வாரத்தில் இந்த நிலை எனக்கு எந்த அளவுக்குப் பொருந்தியது என்று ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 3 வரை எண் இட வேண்டும்.

கையில் கிடைத்தது ஆங்கிலத் தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து வரிவரியாகத் தமிழில் சொன்னேன். தக்க காரணமின்றி அச்சம் தோன்றியதா என்ற கேள்வி வந்தபோது, "காரணம் இல்லாம பயமா இருக்காம்மா?" என்றேன். அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து, "எனக்கென்னடி பயம்? பாம்பு கிடக்கிற காட்டுல விடியக்காலம் அஞ்சு மணிக்குத் தனியா நின்னு பால் வெட்டுனவ நான்" என்றார். பூஜ்யம் எழுதினேன். மனம் சோர்ந்து துயருற்றேனா என்ற கேள்வியைக் 'கவலை' என்று சொன்னேன். "கவலை இல்லாத மனுஷி எங்க இருக்கா?" என்று பதில் வந்தது, மூன்று எழுதினேன். இரண்டு வாரம் கழித்து, பக்கத்து வீட்டு அம்மாவிடம் அவர் பேசிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. "உள்ளுக்குள்ள பதைபதைன்னே இருக்கு. என்ன ஏதுன்னு சொல்லத் தெரியல" என்றார். அந்தத் தாள் கேட்ட கேள்விக்கு உரிய பதில் அதுதான். அம்மாவுக்குச் சொல் இருந்தது. கேட்ட எனக்குத்தான் இல்லாமல் போயிற்று. மொழிபெயர்ப்பை வயிற்றுப்பிழைப்பாகக் கொண்டவள் நான் என்பதால் அது இன்னும் ஆழமாக உறுத்தியது. யாரோ சொல்லி இந்த வகுப்பைத் தேடிப் போனேன்.

வகுப்பை நடத்துபவர் ஐம்பது வயதைக் கடந்த ஓர் அம்மையார். இடைநிலைப் பள்ளியில் நெடுங்காலம் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவர். எல்லாரும் அவரை 'டீச்சர்' என்றே அழைக்கிறோம். எங்கள் தவணையில் பன்னிரண்டு பேர் இருந்தோம். மருத்துவமனைத் தாதி ஒருவர், தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர், வழக்கறிஞர் அலுவலக எழுத்தர் ஒருவர், அழைப்பு மையத்தில் இரவு வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர், பேரப்பிள்ளைகள் ஆங்கிலத்தில் பேசிக்கொள்வது புரியவேண்டும் என்று வந்த ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர் ஒருவர் என்று பலவகையானவர்கள். பாடம் ஆங்கிலத்திலும் தமிழிலும் கலந்தே நடக்கிறது. இடையிடையே மலாயும் வரும்.

இந்த வகுப்பின் சிறப்பு முதல் நாளே தெரிந்துவிடுகிறது. டீச்சர் ஒரு சொல்லுக்கு இன்னொரு சொல்லைப் பொருளாகத் தருவதே இல்லை. பள்ளியில் நாம் படித்தது அப்படித்தான்: கோபத்துக்கு ஆங்கிலத்தில் பத்துச் சொல் என்று பட்டியல் எழுதி, கட்டுரையில் மாற்றி மாற்றிப் போடுவோம். இவரோ மூன்று கேள்விகளை வைத்திருக்கிறார். இந்த உணர்ச்சியில் எத்தனை பேர் இருக்கிறார்கள்? காரணமானது நடந்து முடிந்ததா, இனி நடக்கப்போவதா? அந்த நேரத்தில் உடம்பு என்ன செய்யத் துடிக்கிறது? எந்தச் சொல் வந்தாலும் இந்த மூன்றுக்கும் விடை தேடிய பிறகுதான் கரும்பலகையில் எழுதுகிறார்.

முதல் வாரப் பாடம் 'என்வி', 'ஜெலசி' என்ற இரண்டு சொற்கள். டீச்சர் முன்னால் வந்து இரண்டு நாற்காலிகளை எதிரெதிரே போட்டார். ஒன்றில் எழுத்தரையும் மற்றொன்றில் தாதியையும் உட்காரவைத்து, தாதியின் கையில் தம்முடைய கார்ச் சாவியைக் கொடுத்தார். "அவங்ககிட்ட புது மைவி கார் இருக்கு. உங்ககிட்ட இல்ல. இதுல எத்தனை பேர்?" என்று கேட்டார். இரண்டு பேர் என்றோம். அதுதான் 'என்வி' என்றார். பிறகு மூன்றாவது நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு, லாரி ஓட்டுநர் ஐயாவை அதில் அமர்த்தினார். எழுத்தரும் தாதியும் நெருங்கிய தோழிகள் என்றும், புதிதாக வந்தவரிடமே தாதி எந்நேரமும் பேசிக்கொண்டிருக்கிறார் என்றும் வைத்துக்கொள்ளச் சொன்னார். எழுத்தரிடம் இப்போது இல்லாத பொருள் எதுவும் இல்லை. இருக்கும் உறவு கைநழுவிப் போய்விடுமோ என்பதே அவருடைய வேதனை. அதுதான் 'ஜெலசி'. ஒன்று, பிறரிடம் உள்ளதைக் கண்டு வேகுவது. மற்றொன்று, தன்னிடம் உள்ளதை மூன்றாம் ஆள் பறித்துவிடுவாரோ என்று தவிப்பது. ஐந்தே நிமிடத்தில், மூன்று நாற்காலிகளைக் கொண்டு, நான் இருபது ஆண்டாக மங்கலாக வைத்திருந்த ஒரு வேறுபாடு கண்முன்னே வந்து நின்றது.

அழைப்பு மையத் தம்பி ஒரு நல்ல ஐயத்தை எழுப்பினார். நண்பன் லங்காவிக்குப் போய்ப் படம் அனுப்பினால் எல்லாரும் 'ஸோ ஜெலஸ்' என்றுதானே எழுதுகிறோம், அது பிழையா என்றார். பிழை அன்று, இன்றைய பேச்சு ஆங்கிலத்தில் 'ஜெலஸ்' இரண்டு வேலையையும் செய்கிறது, அகராதிகளும் அதை ஏற்றுள்ளன, ஆனால் 'என்வி' அந்த மூன்று நாற்காலிக் கதைக்கு ஒருபோதும் வராது என்று டீச்சர் விளக்கினார். விதியைச் சொல்வதோடு நிற்காமல் வழக்கையும் மதிக்கும் ஆசிரியர் கிடைப்பது அரிது.

சொல்லின் வேர்களையும் அவர் விட்டுவிடுவதில்லை. 'என்வி' என்பது இலத்தீனத்தில் 'கெட்ட பார்வை பார்த்தல்' என்னும் பொருளுள்ள வினையிலிருந்து வந்தது என்றபோது வகுப்பே சிரித்துத் தலையாட்டியது. கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. 'ஜெலஸ்' கிரேக்கத்தில் 'ஜீலாஸ்' என்ற சொல்லிலிருந்து இறங்கியது. ஆர்வத்தைக் குறிக்கும் 'ஜீல்' என்ற ஆங்கிலச் சொல்லும் அதே வேர்தான். காப்பாற்றிக்கொள்ளத் துடிக்கும் வேகம் அதற்குள்ளே இருப்பது அதனால்தான். மலாயில் இந்த இரண்டும் பிரிந்தே கிடக்கின்றன என்பதையும் அவர் காட்டினார். காதலனும் காதலியும் என்றால் 'செம்புரு'. அடுத்தவர் வாழ்வு பொறுக்காவிட்டால் 'டெங்கி'. நாள்தோறும் பேசும் மலாயை ஆங்கிலத்துக்குப் படிக்கட்டாக ஆக்கிக்கொடுத்தது நம் ஊருக்கே உரிய நல்ல உத்தி.

முதல் குறையும் அன்றே தென்பட்டது. கையில் கொடுத்த அச்சுத்தாளில் தமிழுக்கென்று ஒரு பத்தி இருந்தது. அதில் இரண்டு சொல்லுக்கும் நேராகப் 'பொறாமை' என்றே போட்டிருந்தது. தமிழில் இந்த நுட்பம் இல்லை என்றும் டீச்சர் சொன்னார். அதை என்னால் ஏற்க முடியவில்லை. பொறாமை என்ற சொல்லே 'பொறுக்க முடியாமை' என்று தன் பொருளைத் தானே சொல்லிக்கொண்டு நிற்கிறது. வள்ளுவர் பிறர் ஆக்கம் கண்டு புழுங்குவதை அழுக்காறு என்று 17ஆம் அதிகாரத்திலும், பிறர் பொருளைத் தனதாக்க விழைவதை வெஃகுதல் என்று 18ஆம் அதிகாரத்திலும் பிரித்து வைத்திருக்கிறார். இந்தப் பிரிவை ஆங்கிலத்தின் 'என்வி' என்ற ஒரு சொல்லுக்குள் காண முடியாது. தம்பி பிறந்ததும் மூத்த பிள்ளை சாப்பிடாமல் மூலையில் உட்கார்ந்தால், நம் வீடுகளில் பொறாமை என்றா சொல்கிறோம்? "பிள்ளை ஏங்கிப் போயிருக்கு" என்கிறோம். கணவன் மனைவியிடையே என்றால் சந்தேகம் என்கிறோம். நாம் வேறு இடத்தில் வெட்டியிருக்கிறோம், அவ்வளவுதான். இடைவேளையில் இதை டீச்சரிடம் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. தமிழைத் தாம் பத்தாம் வகுப்போடு விட்டுவிட்டதாகச் சொல்லி, என்னிடமிருந்த காரணங்களைத் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

இரண்டாம் வாரம் 'ஷேம்', 'கில்ட்', 'எம்பாரஸ்ட்', 'ஷை' ஆகிய நான்கு. என்னைப் பொறுத்தவரை ஆறு வாரங்களில் மிகச் செறிவான வகுப்பு இதுவே. அன்னதானப் பந்தியில் சாம்பார் வாளி கைதவறிப் பக்கத்து இலைக்காரர் வேட்டியில் கொட்டிவிட்டால் நாம் 'எம்பாரஸ்ட்'. பார்ப்பவர்கள் இருந்தால்தான் அது உண்டு. ஆளில்லாத வீட்டில் கொட்டினால் துடைத்துவிட்டுப் போய்விடுவோம். சித்தி வீட்டுக் கண்ணாடிக் கிண்ணத்தை உடைத்துவிட்டு, யாரும் பார்க்காததால் சொல்லாமல் வந்துவிட்டால், இரவில் வந்து குடைவது 'கில்ட்'. அது செய்த செயலைப் பற்றியது. போய்ச் சொல்லிவிட்டால் குறையும். எஸ்பிஎம் என்னும் பள்ளி இறுதித் தேர்வில் தவறிய பிள்ளை தீபாவளிக்கு வந்த உறவினர் முகத்தில் விழிக்காமல் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டால் அது 'ஷேம்'. செய்ததைப் பற்றியதாக இல்லாமல், நானே உதவாதவன் என்று தன்னைப் பற்றியதாகவே ஆகிவிடுகிறது. 'கில்ட்' செயலையும் 'ஷேம்' ஆளையும் சுடுகிறது என்ற இந்தப் பிரிவை உளவியலில் அழுத்தமாக வைத்தவர் ஹெலன் பிளாக் லூயிஸ் என்ற அமெரிக்கர், ஆண்டு 1971. உடம்பு என்ன செய்யத் துடிக்கிறது என்ற மூன்றாம் கேள்வி இங்கே பளிச்சென்று உதவியது. 'கில்ட்' உள்ளவர் எழுந்து போய்ச் சரிசெய்யத் துடிக்கிறார். 'ஷேம்' உள்ளவர் ஒளிந்துகொள்ளத் துடிக்கிறார்.

நம் ஊர் ஆங்கிலத்தில் 'ஷை' என்ற சொல் படும் பாட்டையும் அவர் எடுத்துக் காட்டினார். மலாய் 'மாலு' கூச்சம், வெட்கம், அவமானம் எல்லாவற்றுக்கும் வருவதால், வழுக்கி விழுந்தவரும் 'ஸோ ஷை' என்கிறார், மேடையேறத் தயங்குபவரும் 'ஸோ ஷை' என்கிறார். இங்கே எல்லாருக்கும் புரிந்துவிடும். வெளிநாட்டார் ஒருவருக்கு எழுதும்போது முதலாமவர் 'எம்பாரஸ்ட்' என்றுதான் எழுத வேண்டும். 'ஷை' ஒருவரின் இயல்பே தவிர அவருக்கு நேர்ந்தது அன்று.

அப்போது தமிழ்ப்பள்ளி ஆசிரியை எழுந்து, நாணுடைமை அதிகாரத்தின் முதல் குறளைச் சொன்னார். தகாத செயல் செய்ய நேரும்போது நாணுவதே நாணம், அழகிய பெண்களின் நாணம் வேறு என்று வள்ளுவர் 1011ஆம் குறளிலேயே இரண்டையும் பிரித்துவிட்டார் என்றார். 'கில்ட்' என்பதற்குக் குற்ற உணர்ச்சி என்று அச்சுத்தாளில் இருந்தது. அது தவறில்லை, ஆனால் அது மொழிபெயர்ப்பில் பிறந்த சொல். என் அம்மா அதைப் பேசமாட்டார். 'மனசு உறுத்துது', 'நெஞ்சு குறுகுறுங்குது' என்பார். பொய் சொன்னபின் தன் நெஞ்சே தன்னைச் சுடும் என்று 293ஆம் குறள் சொல்வதும் அதையேதான். யாரும் காணாத இடத்திலும் சுடுவது என்ற அடையாளம் அதில் இருக்கிறது. அன்று வகுப்பு முக்கால் மணி நேரம் கூடுதலாக நடந்தது. ஒருவரும் எழுந்து போகவில்லை.

மூன்றாம் வாரம் கோபம். இரண்டு சொற்களை மட்டும் இங்கே குறிப்பிடுகிறேன். 'ரிசென்ட்மென்ட்' என்பதன் பிரெஞ்சு வேருக்கு 'மீண்டும் உணர்தல்' என்று பொருள். என்றோ பட்டதை மனத்துக்குள் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்துச் சூடேற்றிக்கொள்வது. நம்முடைய 'கறுவுதல்' அதற்கு மிக அருகில் வருகிறது. 'இன்டிக்னேஷன்' என்பது 'தகாதது' என்னும் பொருள் கொண்ட இலத்தீன் வேரில் பிறந்தது. தனக்கு வலித்தது என்பதற்காக வராமல், நடந்தது முறையன்று என்பதற்காக வரும் கோபம் அது. அறச்சீற்றம் என்று சொன்னதும் எழுத்தர் "அதேதான்" என்று மேசையைத் தட்டினார். மலாயின் 'கெராம்' இந்தக் கணக்கில் எங்கே வரும் என்று அரை மணி நேரம் விவாதித்தோம். பல்லைக் கடிக்கும் ஆத்திரத்துக்கும் அதுதான். கொழுகொழுக் குழந்தையின் கன்னத்தைக் கிள்ளத் தோன்றும் ஆசைக்கும் அதுதான். ஆங்கிலத்தில் அதற்கு ஒற்றைச் சொல் கிடைக்கவில்லை. கடித்துத் தின்னலாம் போலிருக்கிறது என்று நாமும் ஒரு தொடராகத்தான் சொல்கிறோம்.

நான்காம் வாரத்துக்காகத்தான் நான் பணம் கட்டினேன். 'ஃபியர்', 'ஆங்ஸைட்டி', 'வொரி'. எதிரே பாம்பு நிற்கிறது, காரணம் கண்ணில் தெரிகிறது, கால் ஓடத் துடிக்கிறது, அது 'ஃபியர்'. நாளை மறுநாள் மருத்துவ அறிக்கை வருகிறது, என்ன இருக்குமோ என்று சொற்களாலேயே மனம் சுற்றிச் சுற்றி வருகிறது, அது 'வொரி'. இன்னது என்று சுட்டிக்காட்ட ஒன்றும் இல்லை, ஆனாலும் மூச்சு மேலேயே நிற்கிறது, கைகால் ஓய்வு கொள்ள மறுக்கிறது, அது 'ஆங்ஸைட்டி'. இந்தச் சொற்களின் வேர்களை டீச்சர் கரும்பலகையில் எழுதியபோது எனக்கு உடல் சிலிர்த்தது. 'ஆங்ஸைட்டி' கழுத்தை நெரிப்பதைக் குறிக்கும் இலத்தீன் வினையிலிருந்து வந்தது. 'வொரி' பழைய ஆங்கிலத்தில் குரல்வளையை நெரித்தல். நாய் ஆட்டின் கழுத்தைக் கவ்வி உலுக்குவதற்கு இன்றும் அந்தச் சொல் ஆங்கிலத்தில் உண்டு. கடுந்துயரைக் குறிக்கும் 'ஆங்குவிஷ்' இலத்தீனத்தில் 'குறுகல்' என்று பொருள்படும் சொல்லின் வழி வந்தது. கோபத்தைக் குறிக்கும் 'ஆங்கர்' கூடப் பழைய நார்ஸ் மொழியில் துயரம் என்றே இருந்தது. எல்லாம் தொண்டையிலும் நெஞ்சிலும் இறுகும் கயிறு. என் அம்மா "நெஞ்சை வந்து அடைக்குது" என்று எத்தனை முறை சொன்னார்! நான் அதை இதய நோயின் அறிகுறி என்று மட்டுமே காதில் வாங்கினேன்.

அன்று நான் என் அம்மாவின் கதையை வகுப்பில் சொன்னேன். தாதி பொறுமையாகக் கேட்டுவிட்டு முக்கியமான ஒன்றைச் சொன்னார். "அக்கா, நாமளா உட்கார்ந்து அந்தத் தாளை மொழிபெயர்க்கக் கூடாது. ஒரு சொல் மாறினா எண்ணே மாறிடும். சரிபார்த்த மொழிபெயர்ப்பு இருக்கான்னு முதல்ல கேளுங்க. இல்லேன்னா அம்மா சொன்ன வார்த்தையை அப்படியே டாக்டர்கிட்ட சொல்லுங்க." இந்த அறிவுரைக்கே 240 வெள்ளி தகும். அடுத்த சந்திப்பில் நான் 'பயம்' என்றோ 'கவலை' என்றோ எதையும் முன்வைக்கவில்லை. உள்ளுக்குள் எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டேன். அம்மா யோசித்து, "அடுப்புல என்னமோ வச்சிட்டு வந்துட்ட மாதிரியே இருக்கு, நாள் பூரா" என்றார். அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். மருத்துவர் எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டு, எப்போதிலிருந்து என்று அம்மாவின் முகத்தைப் பார்த்துக் கேட்டார். சிகிச்சை இப்போது நடந்து வருகிறது; தூக்கமும் ஓரளவு திரும்பியிருக்கிறது.

ஐந்தாம் வாரம் 'சிம்பதி', 'எம்பதி', 'பிட்டி', 'சாரி'. பிறர் துயருக்கு வருந்துவது 'சிம்பதி'. அவர் இடத்தில் நின்று உணர்வது 'எம்பதி'. மேலே நின்று இரங்குவது 'பிட்டி'. இந்த மூன்றையும் பற்றி ஏற்கெனவே பலர் பேசிவிட்டதால் எனக்குப் பெரிதாகப் புதியது இல்லை. 'எம்பதி' என்பது பழஞ்சொல் என்று நினைத்திருந்தேன். எட்வர்ட் டிச்சனர் என்ற உளவியலாளர் ஒரு ஜெர்மன் சொல்லுக்கு ஈடாக 1909இல் வழக்குக்குக் கொண்டுவந்தது என்பது மட்டும் வியப்பளித்தது. 'சாரி'தான் சுவையானது. அது 'சாரோ' என்ற துயரச் சொல்லின் உறவு போலத் தெரிந்தாலும் உறவு இல்லை. புண், வலி என்ற பொருளுள்ள 'சோர்' என்ற சொல்லின் கிளை அது. எனவே இழவு வீட்டில் 'ஐ ஆம் சாரி' என்பவர் மன்னிப்புக் கேட்கவில்லை, வலிக்கிறது என்கிறார். மாமா இறந்தபோது துக்கம் கேட்க வந்த என் அலுவலகத் தோழி அத்தையின் கையைப் பிடித்து 'சாரி' என்றதும், அத்தை கலங்கிய கண்களோடு "நீ என்னம்மா செஞ்ச?" என்று கேட்டது நினைவுக்கு வந்தது. அத்தைக்கு அந்தச் சொல் பேருந்தில் காலை மிதித்தவர் சொல்லும் சொல். நம் வழக்கில் அந்த இடத்தில் பேச்சே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்கிறோம், அல்லது சேர்ந்து அழுகிறோம்.

கடைசி வாரம்தான் ஏமாற்றம். அதுவரை நாற்காலிகளையும் கதைகளையும் கொண்டு கற்பித்தவர், அன்று ஒரு வண்ணச் சக்கரத்தைச் சுவரில் ஒட்டிவிட்டு, இதில் எல்லா உணர்ச்சியும் அடங்கிவிடும் என்றார். ராபர்ட் புளுட்சிக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980இல் வெளியிட்ட சக்கரம் அது. எட்டு அடிப்படை உணர்ச்சிகளை எட்டு இதழ்களாக வரைந்து, ஒவ்வொன்றையும் மென்மையிலிருந்து கடுமை வரை மூன்று படியாக அடுக்கியிருக்கிறார். எரிச்சல் முற்றினால் கோபம், கோபம் முற்றினால் வெறி என்ற அளவில் அது பயன்படும். ஆனால் ஐந்து வாரமாக நாங்கள் கற்றது, வேறுபாடு சூட்டின் அளவில் இல்லை, சூழலில் இருக்கிறது என்பதல்லவா? 'கில்ட்' முற்றி 'ஷேம்' ஆவதில்லை. 'என்வி' முற்றி 'ஜெலசி' ஆவதில்லை. சக்கரத்தில் இவற்றுக்கு இதழே கிடையாது. அந்தச் சக்கரமே ஆங்கிலச் சொற்களால் ஆனது. ஆங்கிலம் கீறிய கோடுகளை மனித மனத்தின் கோடுகள் என்று கொள்ளக் கூடாது என்று அன்னா வியர்ஸ்பிட்ஸ்கா என்ற மொழியியலாளர் நெடுங்காலமாக வலியுறுத்தி வருகிறார். அந்த எச்சரிக்கையை டீச்சர் ஒரு வரியாவது சொல்லியிருக்க வேண்டும்.

எட்டு என்ற எண்ணைப் பார்த்ததும் எனக்குத் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நினைவுக்கு வந்தது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று அங்கும் எட்டுத்தான். ஆனால் தொல்காப்பியர் படி கட்டவில்லை. ஒவ்வொன்றும் எதனால் பிறக்கிறது என்று நான்கு நான்கு நிலைக்களன்களைச் சொல்கிறார். அச்சம் அணங்காலும் விலங்காலும் கள்வராலும் அரசனாலும் வரும்; அழுகை இழிவாலும் இழப்பாலும் தளர்ச்சியாலும் வறுமையாலும் வரும். யார் இருக்கிறார்கள், என்ன நடந்தது என்று கேட்டுத் தொடங்கும் டீச்சரின் முதல் நாள் முறைக்குச் சக்கரத்தைவிட இது எவ்வளவு நெருக்கம்! இழப்பால் வரும் அழுகையையும் வறுமையால் வரும் அழுகையையும் ஆங்கிலத்தில் எந்தெந்தச் சொல்லால் சொல்வது என்று ஒரு வகுப்பு முழுவதும் நடத்தலாம். பிரிக்பீல்ட்ஸில், தமிழர்கள் நிறைந்த ஒரு வகுப்பில், அந்தக் கடைசி இரண்டு மணி நேரம் அப்படிப் போயிருக்க வேண்டும் என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் இருக்கிறது. இதை டீச்சரிடம் எழுதியும் கொடுத்தேன்.

வசதிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மின்தூக்கி இல்லை, படி செங்குத்து. முட்டி வலி உள்ளவர்கள் யோசித்துக்கொள்ள வேண்டும். லாரி ஓட்டுநர் ஐயா ஒவ்வொரு தளத்திலும் நின்று மூச்சு வாங்கித்தான் வந்தார். கார் நிறுத்த இடம் தேடிச் சலிப்பதைவிட கேஎல் சென்ட்ரல் வரை ரயிலில் வந்து நடப்பது மேல். குளிரூட்டி நன்றாக வேலை செய்கிறது, சத்தம்தான் அதிகம். பின்வரிசையில் உட்கார்ந்தால் டீச்சரின் மெல்லிய குரல் சரியாகக் கேட்காது. அச்சுத்தாள்கள் தெளிவாக இருக்கின்றன. தமிழ்ப் பத்தியை மட்டும் நம்ப வேண்டாம். இடைவேளையில் தேநீரும் கீழே கடையில் வாங்கிய பருப்பு வடையும் கட்டணத்திலேயே அடங்கும்.

தேர்வுக் கட்டுரையில் போட அழகான சொற்கள் வேண்டும் என்று வரும் மாணவர்களுக்கு இது ஏற்ற இடம் அன்று. பட்டியல் எதுவும் கிடைக்காது. நோயாளிகளோடும் பெற்றோர்களோடும் வாடிக்கையாளர்களோடும் இரண்டு மொழியில் பேச வேண்டியவர்களுக்கும், வயதான தாய் தந்தையரை மருத்துவரிடம் அழைத்துப்போகும் பிள்ளைகளுக்கும், மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவர்களுக்கும் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஆறு வாரத்தையும் எடுக்க முடியாதவர்கள் இரண்டாம், நான்காம் வாரங்களுக்கு மட்டும் தலா 45 வெள்ளி கட்டி உட்கார அனுமதி உண்டு.

அடுத்த தவணைக்கான அச்சுத்தாளைச் சென்ற வாரம் டீச்சர் எனக்குக் காட்டினார். தமிழ்ப் பத்தியில் அச்சிட்ட சொற்களை நீக்கிவிட்டு, வெறும் கோடுகளை விட்டிருக்கிறார். உங்கள் வீட்டில் இதற்கு என்ன சொல்வார்கள் என்று மேலே ஒரு வரி இருக்கிறது. என் தங்கை அந்தத் தவணையில் சேர்ந்திருக்கிறாள்.